ஏப்ரலுக்குப் பிறகும் நூலகம் திறந்திருக்கிறது: தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தமிழ் அமைப்புகளை நடத்தும் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா முடிந்து பதாகைகள் இறங்கிவிட்டன. இந்த ஆண்டும் நீங்கள் எவ்வளவு உழைத்தீர்கள் என்பதை அறிவேன். அலுவலகம் முடிந்து வந்து, இரவு பத்து மணிக்கு இணையத்தில் கூடிப் பேசி, அழைப்பிதழ், நடுவர், சான்றிதழ், சிற்றுண்டி என்று ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்து, மேடை ஏறியவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தி அனுப்பிய பிறகு நாற்காலிகளை அடுக்கிவைத்ததும் நீங்களேதான். சம்பளம் இல்லாத வேலை அது. அதன் மேல் உள்ள மரியாதையோடுதான் ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். அந்த உழைப்பில் ஒரு பங்கை ஏப்ரலிலிருந்து எடுத்து, ஆண்டின் மற்ற மாதங்களுக்குக் கொடுங்கள். அதை நடத்துவதற்கான இடம் நம் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது. பொது நூலகங்களைச் சொல்கிறேன்.

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றை எண்ணிப் பாருங்கள். காலையில் ஓரிடத்தில் மாறுவேடப் போட்டி, பிற்பகலில் இன்னோரிடத்தில் பட்டிமன்றம், அதே நேரத்தில் வேறோர் அரங்கில் நூல் வெளியீடு, மாலையில் கவியரங்கம். எங்கும் பெரும்பாலும் அதே முகங்கள். ஒரே பிள்ளை ஒரே நாளில் இரண்டு போட்டிகளுக்கு ஓடுகிறது. பெற்றோர் எம்ஆர்டி ரயிலில் உடை மாற்றாத குறைதான். விழாவை ஒருங்கிணைக்கும் வளர்தமிழ் இயக்கம் இத்தனை அமைப்புகளை ஒரு மாதத்தில் ஒன்றாகக் கொண்டுவருவது பெரிய காரியம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆதரவும் விளம்பரமும் அந்த மாதத்தில் கிடைப்பதால் நிகழ்ச்சிகளும் அங்கேயே குவிவது இயல்பு. என் கவலை மே மாதத்தைப் பற்றியது. ஜூனைப் பற்றியது. நான்கு வாரப் பள்ளி விடுமுறை, வீட்டில் பிள்ளைகள், கையில் திறன்பேசி. அப்போது தமிழில் எங்கே அழைத்துச் செல்வது என்று ஒரு தாய் கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? ஆண்டிறுதியில் ஆறு வார விடுமுறை வருகிறது. அப்போதும் இதே கேள்விதான்.

பிள்ளைகளின் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010இல் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்தனர். 2020இல் அது ஏறத்தாழ 28 விழுக்காடாகக் குறைந்தது. ஆங்கிலம் பேசுவோர் பாதியைத் தாண்டிவிட்டனர். இந்தியர் என்ற கணக்கில் பிற மொழிக் குடும்பங்களும் அடங்கும் என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதில் ஐயமில்லை. பத்து ஆண்டுகளில் நடந்த இந்தச் சரிவுக்கு ஆண்டுக்கு ஒரு மாதம் ஈடுகொடுக்க முடியாது. வீட்டில் தமிழ் குறைந்த பிள்ளைக்கு, வீட்டுக்கு வெளியே அடிக்கடி தமிழ் காதில் விழ வேண்டும். பரிசு, மதிப்பெண், மேடை ஆகிய எதுவும் இல்லாத சூழலில் விழ வேண்டும்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கினார் என்பதை எல்லா மேடைகளிலும் சொல்கிறோம். அவர் அந்த விழாவோடு நிற்கவில்லை என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1935இல் அவர் தொடங்கிய தமிழ் முரசு இதழில், 1950களில் மாணவர் மணிமன்றம் என்று மாணவர்களுக்கென ஒரு பகுதி வந்துகொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் எழுதி அனுப்பினார்கள்; தங்கள் பெயர் அச்சில் வந்திருக்கிறதா என்று காத்திருந்து பார்த்தார்கள்; மறுபடி எழுதினார்கள். பின்னாளில் சிங்கப்பூர், மலேசியத் தமிழ் எழுத்தில் பெயர் பெற்ற பலர் அங்கிருந்து வந்தவர்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்காக அவர் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோதும், சாதாரணத் தொழிலாளிகள் கொடுத்த சிறு தொகைகள்தாம் சேர்ந்தன. திருநாள் மக்களைக் கூட்டியது. எழுத்தாளர்களை உருவாக்கியது இடைவிடாமல் வந்த அந்த மாணவர் பக்கம். இன்று நாம் திருநாளை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தை விட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது.

அந்தப் பக்கத்தின் இடத்தில் இன்று நூலகத்தை வைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

இந்த நாட்டின் நூலகத்தில் தமிழுக்கு இடம் கிடைத்த கதையை உங்கள் கூட்டங்களில் ஒருமுறையாவது சொல்லுங்கள். ரப்பர் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய லீ கோங் சியான், 1953இல் புதிய நூலகத்துக்கு 375,000 வெள்ளி தர முன்வந்தார். அந்த நூலகம் கட்டணமின்றி அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும், இங்குள்ள மக்களின் தாய்மொழிகளுக்கு அதில் இடம் இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அதற்கு முன்பிருந்த ராஃபிள்ஸ் நூலகம் பெரும்பாலும் ஆங்கிலம் படித்தவர்களுக்கானது. அதில் உறுப்பினராகச் சந்தாவும் கட்ட வேண்டும். 1957இல் அடிக்கல் நாட்டி, 1960இல் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் கட்டடத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2004இல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில் இன்று சுரங்கப்பாதை ஓடுகிறது. ஆனால், அந்த நிபந்தனை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு சீன வணிகர் பணம் கொடுத்து நம் மொழிக்கும் சேர்த்துத் திறந்துவைத்த கதவு அது. நாம் ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் அதற்குள் போய் வருவது நியாயமா?

இன்று இருபதுக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் தீவெங்கும் இருக்கின்றன. தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங் வட்டார நூலகங்களோடு 2023இல் பொங்கோலும் சேர்ந்துகொண்டது. விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் உள்ள மத்தியப் பொது நூலகம் புதுப்பிக்கப்பட்டு 2024 ஜனவரியில் மீண்டும் திறந்தது. ஓர் உறுப்பினர் ஒரே நேரத்தில் 16 நூல்கள் வரை 21 நாள்களுக்கு எடுக்கலாம். எந்தக் கிளையில் எடுத்தாலும் வேறு எந்தக் கிளையிலும் திருப்பிக் கொடுக்கலாம். நூலகத்தின் திறன்பேசிச் செயலியில் தமிழ் மின்னூல்களும் உண்டு. தமிழ் முரசின் பழைய இதழ்களை வீட்டிலிருந்தே திறந்து படிக்கலாம். 2015இல், நாட்டின் ஐம்பதாம் ஆண்டையொட்டி, சமூகத்தின் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்வடிவில் ஏற்றினார்கள். இவ்வளவும் நம்மிடம் இருக்கிறது. இதையெல்லாம் நம் மக்களுக்குக் கையைப் பிடித்துக் காட்டுபவர்கள்தாம் போதவில்லை.

நான் ஒரு நூலகத்தில் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்கிறேன். அங்கே நடப்பதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தரைவிரிப்பில் காலணியைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகள் உட்கார்வார்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் இருக்கும், தொடக்கநிலை மூன்றில் படிக்கும் அண்ணனும் இருப்பான். பின்னால் பாட்டிகள், வீட்டுப் பணிப்பெண்கள், கைத்தள்ளுவண்டியோடு ஓர் அப்பா. காகம் வடையைத் தூக்கிய கதையைச் சொன்னபோது ஒரு சிறுமி கையை உயர்த்தி, காகம் இல்லை, மைனா என்று ஆங்கிலத்தில் திருத்தினாள். உணவங்காடி நிலையத்தில் அவளுடைய தட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனது மைனாதான். சரி, மைனாவே இருக்கட்டும் என்று கதையை மாற்றினேன். வடை ரொட்டி பிராட்டாவாகியது. மரம் பத்தாவது மாடித் தாழ்வாரமாகியது. நரி என்னவாகும் என்று கேட்டேன். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு பூனை என்று முடிவு செய்தார்கள். அடுத்த முறையும் அந்தச் சிறுமி வந்தாள், அதற்கடுத்த முறையும் வந்தாள். ஆங்கிலத்தில் கேட்டவள் அரைகுறைத் தமிழில் கேட்கத் தொடங்கினாள். பிறகு நான் பக்கத்தைத் திருப்புவதற்குள் "அப்புறம்?" என்றாள். தொடர்ந்து வந்ததால் கிடைத்த சொல் அது. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மாறுவேடப் போட்டியில் அவள் ஔவையாராக வந்து மனப்பாடம் செய்த நான்கு வரிகளைப் பிழையின்றிச் சொல்லியிருப்பாள். எல்லாரும் கை தட்டியிருப்போம். ஆனால், "அப்புறம்?" என்று கேட்டிருக்க மாட்டாள்.

பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டிகளிடமும் மாற்றம் வந்தது. முதலில் பேத்தியின் பையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தவர்கள், சில மாதங்களில் கதைக்கு நடுவே "எங்க வீட்டுல வேற மாதிரி சொல்லுவாங்க" என்று குறுக்கிடத் தொடங்கினார்கள். செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்த ஒரு பாட்டி சொன்ன பேய்க்கதைக்குப் பிறகு என் கதைக்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது. அந்தப் பாட்டியை எந்த மேடையிலும் யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள். நூலகத்தின் தரைவிரிப்பு அவரைப் பேசவைத்தது.

இதை வைத்துத்தான் கேட்கிறேன். ஒவ்வோர் அமைப்பும் ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு நாள், மாறாத நாள், மாறாத நேரம். இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி என்றால், டிசம்பரிலும் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிதான். இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மழை பெய்தாலும், நான்கு பேர் வந்தாலும், தலைவர் ஊருக்குப் போயிருந்தாலும் அது நடக்க வேண்டும். மக்கள் ஒரு பழக்கத்தை ஏற்றுக்கொள்ள நேரம் எடுக்கும். "இந்த மாதம் உண்டா?" என்று விசாரிக்க வேண்டியிருக்கும் வரை அது பழக்கமாகாது. அங் மோ கியோ நூலகத்தில் வாசகர் வட்டம் பல ஆண்டுகளாகக் கூடி நூல்களைப் படித்துப் பேசி வருகிறது. விடாமல் கூடுவதுதான் அதன் பலம். அப்படி இன்னும் பத்து வட்டங்கள் பத்துப் பேட்டைகளில் இருக்க வேண்டாமா? ஈசூனில் இருப்பவர் அங் மோ கியோவுக்கு வந்துவிடுவார். பிடோக்கிலும் சுவா சூ காங்கிலும் இருப்பவர் என்ன செய்வார்?

அந்த ஒரு நாளில் என்ன செய்வது என்பதை உங்கள் உறுப்பினர்களே முடிவு செய்யட்டும். ஆனால், தயவுசெய்து சிறப்பு விருந்தினர் வேண்டாம். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை என்று இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. பிள்ளைகளுக்கு மிஞ்சுவது அரை மணி நேரம். நூலகத்தில் வட்டமாகப் பன்னிரண்டு நாற்காலிகள் போதும். சின்னப் பிள்ளைகளுக்குக் கதை. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு, தேர்வோடு தொடர்பே இல்லாத ஒரு சிறுகதையைச் சேர்ந்து படிக்கும் வாய்ப்பு. அவர்களில் சிலர் சின்னவர்களுக்குக் கதை சொல்லத் தாங்களே முன்வருவார்கள். மூத்தோருக்கு அன்றைய செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பேச்சு. அவர்களுக்குச் செயலியில் மின்னூலை எப்படி எடுப்பது, எழுத்தை எப்படிப் பெரிதாக்குவது என்று பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொடுக்கும் ஓர் இளைஞர். கண் மங்கியதால் படிப்பதை விட்டுவிட்ட ஒருவருக்கு, எழுத்தைப் பெரிதாக்கலாம் என்பது மட்டுமே பெரிய செய்தி.

ஞாயிற்றுக்கிழமையை ஓர் அமைப்பாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பிகளுக்கு அன்றுதான் ஓய்வு. வாரம் முழுதும் உழைத்துவிட்டுத் தேக்காவின் புல்வெளியில் உட்கார்ந்திருக்கும் அவர்களில் கவிதை எழுதுபவர்கள் இருக்கிறார்கள், நாவல்களைத் தேடித்தேடிப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நூலகத்துக்குள் வந்து உட்கார்ந்து படிக்க யாருக்கும் அட்டை தேவையில்லை. ஆனால், குளிரூட்டப்பட்ட, கண்ணாடிக் கதவு போட்ட கட்டடத்துக்குள் நமக்கும் இடமுண்டு என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும் என்றால், வாசலில் நின்று "வாங்க தம்பி" என்று கூப்பிட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை நீங்கள் அனுப்பலாம். இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்களும், அண்மையில் வேலைக்கு வந்த குடும்பங்களும், இந்தத் தம்பிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே கதையைப் பற்றிப் பேசும் வாய்ப்பு இந்த ஊரில் வேறெங்கே அமையும்?

இன்னொன்று, உங்கள் அலமாரிகளைப் பற்றி. ஒவ்வோர் அமைப்பும் ஆண்டுவிழா மலர்கள் வெளியிட்டிருக்கிறது. பழைய தலைவர்கள் எழுதிய கட்டுரைகள், போட்டியில் வென்ற பிள்ளைகளின் கவிதைகள், இன்று இடிக்கப்பட்டுவிட்ட பள்ளிகளின் படங்கள் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. அவற்றில் பல யாரோ ஒரு செயலாளர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. தேசிய நூலக வாரியச் சட்டப்படி, சிங்கப்பூரில் வெளியாகும் நூலின் இரண்டு படிகளை நான்கு வாரங்களுக்குள் வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். மக்களுக்கு வழங்கப்படும் மலர்களுக்கும் இது பொருந்தும். பலருக்கு இது தெரிவதில்லை. 1887இல் மகுதூம் சாயபு நடத்தத் தொடங்கிய சிங்கை நேசனைப் பற்றி இன்று நம்மால் பேச முடிகிறது என்றால், அந்தத் தாள்களை யாரோ பாதுகாத்து வைத்ததால்தான். உங்கள் 1978ஆம் ஆண்டு மலரைப் பற்றி 2078இல் ஒரு மாணவி எழுத வேண்டும் என்றால், அந்தப் பெட்டியை இந்த ஆண்டே கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே எடுங்கள். மாத நிகழ்ச்சிகளில் ஒன்றைப் பழைய மலர்களைக் கொண்டுவந்து விரித்துப் பார்க்கும் நாளாகவே வைக்கலாம். அன்று மூத்தோர் வருகைக்குக் குறைவே இருக்காது.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். ஆள் வராது என்பீர்கள். முதலில் வராதுதான். அரங்கு நிறைந்த படத்தை ஆண்டறிக்கையில் போட்டுப் பழகிய நமக்கு, ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும் படம் தோல்வி போலத் தெரியும். அந்த ஏழு பேர் பன்னிரண்டு முறை வந்தார்கள் என்பதை அறிக்கையில் எழுதுங்கள். தொண்டூழியர் கிடைப்பதில்லை என்பீர்கள். செயற்குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு மாதம். ஏப்ரல் மாதத்தில் ஒருவர் தரும் நேரத்தில் நாலில் ஒரு பங்கு அதற்குப் போதும். செலவு என்பீர்கள். அரங்க வாடகையும் ஒலிபெருக்கியும் பொன்னாடையும் இல்லாத நிகழ்ச்சிக்குத் தேநீர்ச் செலவைத் தவிர வேறென்ன இருக்கிறது? நூலகத்தில் தமிழ்ச் சேவைகளைக் கவனிக்கும் அலுவலர்கள் இருக்கிறார்கள். கதை சொல்லத் தகுந்த நூல்களை எடுத்துத் தருவார்கள், இடத்துக்கு வழி சொல்வார்கள், தங்கள் நிகழ்ச்சிப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது என்று காட்டுவார்கள். அவர்கள் சிலர்தான். தீவு முழுதும் ஆண்டு முழுதும் அவர்களே நடத்த வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. மூன்று மாதங்களுக்கு முன்பே போய்ப் பேசுங்கள். ஏப்ரலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போய் நின்று அவர்களைத் திணறடிக்காதீர்கள்.

பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் உறுப்பினர்களே பெற்றோர்கள். சனிக்கிழமை தமிழ்த் துணைப்பாடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடும் நீங்கள், மாதத்தில் ஒருமுறை அந்த வகுப்புக்கு முன்போ பின்போ நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பிள்ளைக்கு எட்டு நூல்கள், உங்களுக்கு எட்டு நூல்கள். பிள்ளை படிக்காவிட்டாலும் நீங்கள் உங்களுடையதைப் படியுங்கள். அம்மா தமிழ் நூல் படிப்பதைப் பார்த்த பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது.

அடுத்த ஆண்டுத் திட்டத்தை உங்களில் பலர் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வகுக்கத் தொடங்குவீர்கள். அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் 'நூலகத்தில் மாத நிகழ்ச்சி' என்ற ஒரு வரியைச் சேர்த்து, எந்த நூலகம், எந்த நாள், முதல் மாதத்துக்கு யார் பொறுப்பு என்பதை அன்றே முடிவு செய்யுங்கள். ஜனவரியில் பொங்கலையொட்டித் தொடங்கினால் ஏப்ரல் வருவதற்குள் மூன்று முறை நடத்தியிருப்பீர்கள். கதை சொல்லப் பழக வேண்டும் என்று யாரேனும் கேட்டால் நானும் என்னோடு இருக்கும் தொண்டூழியர்களும் வரத் தயார்.

நன்றி.

இப்படிக்கு,
நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் ஒரு தொண்டூழியர்